சொந்த விதிவிலக்கு வகுப்புகள் 23 எழுதியும் நெல் கணக்கு இரட்டித்துவிட்டது. எங்கே தவறு?

வெல்லாவெளி வட்டை
ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு நெல் கொள்வனவு நிலையத்துக்கு ஜாவாவிலும் அதன் ஸ்பிரிங் என்ற சட்டகத்திலும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பெரும்போக அறுவடையில்தான் அது முதன்முறையாக ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை ஒரு விவசாயி 42 மூடை கொண்டுவந்தார். தராசில் நின்ற பிள்ளை விவரத்தைப் பதிந்ததும் திரையில் பிழை வந்தது. அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எண் விடுபட்டிருந்தது. திருத்தி மறுபடி பதிந்தார். பற்றுச்சீட்டு வந்தது, விவசாயிக்குப் பணமும் சரியாகக் கிடைத்தது. மாலையில் களஞ்சியப் பொறுப்பாளர் இருப்பைப் பார்த்தால் அந்த ஒரு பெயரில் 84 மூடை நிற்கிறது.

என் நிரலில் ஒரே முறை (மெதட்) மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில் களஞ்சிய இருப்பில் மூடையைக் கூட்டும். அடுத்து, பசளைக்காகக் கொடுத்த முற்பணத்தைக் கழிக்கும். கடைசியில் கொடுப்பனவைப் பதியும். அடையாள அட்டையைச் சரிபார்ப்பது அந்தக் கடைசிப் படியில்தான். முறையின் தலையில் டிரான்ஸாக்ஷனல் என்ற குறிப்பை இட்டிருக்கிறேன். நடுவில் பிழை எறியப்பட்டால் அதற்கு முன் எழுதியவை எல்லாம் தாமாகவே நீங்கிவிடும் என்று நம்பியிருந்தேன். பிழை எறியப்பட்டது, ஆனால் எதுவும் நீங்கவில்லை. அந்த விவசாயிக்கு முற்பணம் இருந்திருந்தால் அதுவும் இரண்டு தடவை கழிந்திருக்கும். அதை நினைத்து இரண்டு நாட்களாக எனக்கு உறக்கமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும், அதை அறிவிக்க ஒரு சொந்த விதிவிலக்கு (எக்செப்ஷன்) வகுப்பு எழுதியிருக்கிறேன், மொத்தம் 23. எல்லாமே எக்செப்ஷன் வகுப்பிலிருந்து நேரடியாக மரபுரிமை பெற்றவை. இவ்வளவு தேவையில்லை, ஒன்றே போதும் என்கிறான் என்னோடு படித்த நண்பன். அவன் சொல்வது சரியா?

சம்மாந்துறைக் காக்கா
ஞாயிறு, இரவு 9.35

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தியில்தான் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. வகுப்புகள் எல்லாம் எக்செப்ஷனின் நேரடிப் பிள்ளைகள் என்றீர்கள் அல்லவா? கோளாறு அங்கேதான்.

ஜாவாவில் எறியக்கூடிய எல்லாவற்றுக்கும் தாய் வகுப்பு த்ரோவபிள். அதன் கீழே இரண்டு கிளைகள்: எரர், எக்செப்ஷன். எக்செப்ஷனுக்குக் கீழே ரன்டைம் எக்செப்ஷன் என்று ஒரு தனிக்கிளை பிரிகிறது. எரர் கிளையிலும் ரன்டைம் கிளையிலும் இருப்பவற்றைப் பிடித்தே ஆக வேண்டும் என்று தொகுப்பி (கம்பைலர்) வற்புறுத்தாது. மற்றவற்றைப் பிடிக்க வேண்டும், அல்லது எறிவேன் என்று முறையின் தலைப்பில் அறிவிக்க வேண்டும். உங்கள் 23 வகுப்புகளும் இந்த இரண்டாம் வகை, அதாவது சரிபார்க்கப்படும் வகை.

ஸ்பிரிங்கின் இயல்பான விதி இதுதான்: ரன்டைம் எக்செப்ஷனோ எரரோ முறையை விட்டு வெளியே வந்தால் எழுதியதைத் திரும்பப் பெறும், அதுதான் ரோல்பேக். சரிபார்க்கப்படும் வகை விதிவிலக்கு வந்தால் எழுதியதை அப்படியே உறுதிசெய்துவிட்டு, விதிவிலக்கையும் மேலே அனுப்பும். ஈஜேபி (என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ்) என்ற பழைய ஏற்பாட்டின் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. தொழில் சார்ந்த விதிவிலக்கு என்பது அழைத்தவருக்கு ஒரு பதில் போன்றது, அதற்காகத் தரவைக் கலைக்க வேண்டியதில்லை என்று அவர்கள் எண்ணினார்கள். உங்கள் களஞ்சியத்தில் 42 மூடை தங்கிவிட்டதற்கு இந்த வழக்கமே காரணம்.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. டிரான்ஸாக்ஷனல் குறிப்பிலேயே ரோல்பேக்ஃபார் என்ற இடத்தில் உங்கள் வகுப்பைக் குறிக்கலாம். அல்லது, உங்கள் விதிவிலக்குகளை ரன்டைம் கிளைக்கு மாற்றலாம். நான் இரண்டாவதையே செய்வேன். முதல் வழியில் ஒவ்வொரு முறைக்கும் ஞாபகமாகக் குறிக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் மறுபடி 84 மூடை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முறைக்குள்ளேயே டிரை, கேட்ச் போட்டுப் பிடித்து அங்கேயே அமுக்கிவிட்டால், விதிவிலக்கு ரன்டைம் வகையாக இருந்தாலும் ஸ்பிரிங்குக்கு அது தெரியாது. வெளியே வந்தால்தான் ரோல்பேக்.

வெல்லாவெளி வட்டை
ஞாயிறு, இரவு 10.20

காக்கா, மிக்க நன்றி. அடையாள அட்டை விதிவிலக்கு ஒன்றை மட்டும் ரன்டைம் கிளைக்கு மாற்றி, அதே தவறான இலக்கத்தோடு பரீட்சித்துப் பார்த்தேன். இருப்பு அசையவில்லை. திரும்ப மாற்றிப் பார்த்தேன், 42 கூடியது. கண்ணால் கண்ட பிறகுதான் மனம் ஆறியது.

மீதி 22 வகுப்புகளை என்ன செய்வது? அடையாள அட்டை இலக்கம் குறைவு, இலக்கம் அதிகம், கடைசி எழுத்துத் தவறு, நாள் எண் தவறு என்று அட்டைக்கு மட்டுமே நான்கு வகுப்புகள் இருக்கின்றன.

கல்லடி ரீச்சர்
திங்கள், காலை 6.15

தம்பி, உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். வகுப்பில் இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதைப் பிடிக்கப் போகிறவர் யார், பிடித்த பின் என்ன செய்வார்? இரண்டு விதிவிலக்குகளைப் பிடிப்பவர் இரண்டு விதமாக நடந்துகொள்வார் என்றால் அவற்றுக்கு இரண்டு வகுப்புகள் வேண்டும். நடத்தை ஒன்றே என்றால் வகுப்பும் ஒன்றே.

உங்கள் அட்டையைப் பாருங்கள். நான்கு வகுப்புகளில் எது வந்தாலும் தராசில் நிற்கும் பிள்ளை செய்யப்போவது அட்டையை வாங்கி மறுபடி பார்ப்பதுதான். ஆகவே ஒரு வகுப்பு போதும். வேறுபாட்டை வகுப்பின் பெயரில் வைக்க வேண்டாம், அதன் உள்ளே புலங்களாக வையுங்கள்: உள்ளிட்ட இலக்கம், எந்த விதி உடைந்தது, எந்த இடத்தில் உடைந்தது.

அந்த விதிகளையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் தவறுகிறார்கள். பழைய அட்டையில் 9 எண்கள், கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்து. முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எனவே அந்த மூன்று எண்கள் 1 முதல் 366 வரை அல்லது 501 முதல் 866 வரைதான் இருக்க முடியும். 2016 முதல் வழங்கும் அட்டையில் 12 எண்கள், எழுத்து இல்லை, ஆண்டு நான்கு எண்களில் வரும். இரண்டு வகை அட்டைகளும் இன்றும் கைகளில் இருக்கின்றன. 12 எண்களை மட்டும் ஏற்கும் நிரல் எழுதினால் வயல் வைத்திருக்கும் போடியார்மார் பாதிப்பேரைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். உங்கள் விதிவிலக்கின் செய்தியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? அதைத்தான் நேரே திரையில் காட்டுகிறீர்களா?

வெல்லாவெளி வட்டை
திங்கள், பிற்பகல் 1.05

ஆம் ரீச்சர். "அடையாள அட்டை இலக்கம் பிழை, தயவுசெய்து சரிபார்க்கவும்" என்று எறியும் இடத்திலேயே தமிழில் எழுதி, அதையே திரையில் காட்டுகிறேன்.

கல்லடி ரீச்சர்
திங்கள், மாலை 5.40

அங்கேதான் நிறுத்தச் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் மென்பொருளை அம்பாறை நகரத்திலோ உகணையிலோ ஒருவர் கேட்டால் என்ன செய்வீர்கள்? தராசில் நிற்பவர் சிங்களம் மட்டும் வாசிப்பவராக இருக்கலாம். வங்கிக்குப் போகும் அறிக்கை ஆங்கிலத்தில் கேட்கப்படலாம். மட்டக்களப்பு, அம்பாறை என்ற இந்த இரண்டு மாவட்டங்களில் மென்பொருள் எழுதுகிறவருக்கு மூன்று மொழிகளும் வீட்டு வாசலிலேயே நிற்கின்றன. வாக்கியத்தை விதிவிலக்குக்குள் புதைத்தால், மொழி மாறும்போது எறியும் இடம் ஒவ்வொன்றையும் தோண்ட வேண்டும்.

விதிவிலக்கு சுமந்து வர வேண்டியது உண்மைகளை. ஈரப்பதன் எவ்வளவு, வரம்பு எவ்வளவு, எந்த மூடைத் தொகுதி, எந்தக் குறியீடு. அவற்றைக் கொண்டு வாக்கியம் அமைப்பது திரைக்குப் பொறுப்பான பகுதியின் வேலை. அந்தப் பகுதி மொழிக்கேற்ற கோப்பிலிருந்து வாக்கியத்தை எடுத்து எண்களைப் பொருத்தும். விதிவிலக்கின் செய்திப் புலத்தில், பதிவேட்டை வாசிக்கும் உங்களுக்காக ஒரு சுருக்கமான குறிப்பு இருந்தால் போதும்.

புலங்களை இறுதியானவை (ஃபைனல்) என்று அறிவியுங்கள். எறிந்த பிறகு வழியில் யாரும் அவற்றை மாற்றக் கூடாது.

ஒலுவில் மாணவன்
திங்கள், இரவு 7.30

ரீச்சர், காக்கா, இடையே வருவதற்கு மன்னியுங்கள். நான் சி ஷார்ப் படிக்கிறேன். அங்கே இந்தச் சரிபார்க்கப்படும் வகையே இல்லை. அப்படியென்றால் வெல்லாவெளி அண்ணாவுக்கு வந்த சிக்கல் அங்கே வராதா? அப்ளிக்கேஷன் எக்செப்ஷன் என்ற வகுப்பிலிருந்து மரபுரிமை பெற வேண்டும் என்று ஒரு பழைய குறிப்பில் கண்டேன். அது இன்றும் சரியா?

சம்மாந்துறைக் காக்கா
திங்கள், இரவு 8.10

தம்பி, சி ஷார்ப்பை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெஜ்ல்ஸ்பெர்க் அந்த வகையை வேண்டுமென்றே விட்டுவிட்டார். கீழே உள்ள ஒரு முறை புதிதாக ஒரு விதிவிலக்கை எறியத் தொடங்கினால் மேலே உள்ள எல்லாத் தலைப்புகளும் மாற வேண்டியிருக்கும், சலித்துப்போன நிரலர்கள் வெறும் கேட்ச் போட்டு விழுங்கத் தொடங்குவார்கள் என்பது அவர் கவலை. என் அனுபவத்தில் அது நடக்கவே செய்கிறது.

அப்ளிக்கேஷன் எக்செப்ஷன் வேண்டாம். மைக்ரோசொஃப்டே இப்போது நேரடியாக எக்செப்ஷனிலிருந்து பெறச் சொல்கிறது. அந்த நடு வகுப்பால் பயனொன்றும் விளையவில்லை.

சி ஷார்ப்பில் வேறொரு பொறி இருக்கிறது. பிடித்ததை மறுபடி எறியும்போது வெறுமனே த்ரோ என்று மட்டும் எழுதுங்கள். த்ரோ என்று எழுதி, பக்கத்தில் விதிவிலக்கு மாறியின் பெயரையும் எழுதினால், அது எங்கே பிறந்தது என்ற சுவடு அழிந்து, மறுபடி எறிந்த வரியிலிருந்து புதிதாகத் தொடங்கும். பார்வைக்குச் சிறிய வேறுபாடு, ஆனால் பிழை தேடும் இரவில் அதன் விலை தெரியும்.

ஒலுவில் மாணவன்
திங்கள், இரவு 8.45

நன்றி காக்கா. இன்னும் ஒன்று. ஈரப்பதன் வரம்பைத் தாண்டினால் அதற்கும் விதிவிலக்கு எறிவதுதானே முறை? ஜாவாவில் விதிவிலக்கை உருவாக்குவது மெதுவான வேலை என்றும் வாசித்தேன்.

கல்லடி ரீச்சர்
செவ்வாய், காலை 6.05

மெதுவாவது உண்மை. உருவாகும்போதே, எந்த முறை எதை அழைத்தது என்ற அழைப்புச் சுவடு முழுவதையும் நிரப்புவதால்தான் அந்தச் செலவு. 2011ல் வந்த ஜாவா 7 முதல் அந்தச் சுவடு வேண்டாம் என்று சொல்லும் வசதியும் உண்டு. ஆனால் ஒரு கொள்வனவு நிலையத்தில் நாளொன்றுக்கு வரும் உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருட்டே இல்லை.

எனக்குத் தயக்கம் வேறு காரணத்தால். சொல்லைக் கவனியுங்கள்: விதிவிலக்கு. விதியாக நடப்பதிலிருந்து விலகியது. அரசாங்கக் கொள்வனவில் ஈரப்பதன் வரம்பு 14 வீதம். தை, மாசியில் ஒரு மழை பெய்தால் வாசலுக்கு வரும் நெல்லில் பெரும்பகுதி அதைத் தாண்டியே நிற்கும். அதனால்தானே தார் வீதியின் ஒரு பக்கம் முழுவதும் நெல் காய்கிறது? தினமும் நடப்பதை நான் விதிவிலக்கு என்று அழைக்க மாட்டேன். ஏற்கப்பட்டது, காயவைத்து வரவும், மறுக்கப்பட்டது என்று மூன்று நிலைகளைக் கொண்ட ஒரு முடிவைத் திருப்பித் தந்தால் போதும்.

சம்மாந்துறைக் காக்கா
செவ்வாய், பிற்பகல் 12.50

ரீச்சர், உங்கள் மேல் உள்ள மதிப்போடு இதில் மாறுபடுகிறேன். திருப்பித் தரும் முடிவை ஒருவர் பார்க்காமலே விடலாம், ஜாவா எதுவும் கேட்காது. அப்படி ஒருவர் விட்டால் 19 வீத ஈரமுள்ள நெல் களஞ்சியத்துக்குள் போய், அடுக்கின் நடுவில் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். விதிவிலக்கை அப்படிப் பார்க்காமல் விட முடியாது. யாரும் பிடிக்காவிட்டாலும் வேலையை நிறுத்திவிடும். என் வாப்பாவின் களஞ்சியத்தில் ஈரநெல் ஓர் அடுக்கையே கெடுத்ததைச் சிறுவயதில் பார்த்தவன் நான். அந்த வாடை இன்னும் நினைவில் இருக்கிறது.

கல்லடி ரீச்சர்
செவ்வாய், மாலை 6.20

நீங்கள் சொன்ன பிறகு யோசித்தேன். நாம் இரண்டு வெவ்வேறு இடங்களைப் பற்றிப் பேசுகிறோம். வாசலில் ஈரமானி வைத்துப் பார்க்கும் முறை முடிவைத் திருப்பித் தரட்டும், அங்கே ஈரநெல் எதிர்பார்த்த ஒன்று. களஞ்சிய இருப்பில் கூட்டும் முறையோ, சோதனை முடிந்த நெல்லை மட்டுமே எதிர்பார்க்கிறது. அதையும் மீறி ஈரநெல் அதுவரை வந்துவிட்டால் மேலே எங்கோ நிரல் தவறியிருக்கிறது என்று பொருள். அங்கே எறியுங்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசலில் எறிவதை இப்போதும் ஏற்க மாட்டேன்.

அக்கரைப்பற்று இரவுப்பணி
செவ்வாய், இரவு 11.15

இந்த இழையை முழுவதும் வாசித்தேன். யாரும் இன்னும் தொடாத ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், தரவுத்தளத்திலிருந்து எது வந்தாலும் பிடித்து, "சேமிப்புத் தோல்வி" என்ற சொந்த விதிவிலக்கைப் புதிதாக எறியும் நிரல் இருந்தது. மூல விதிவிலக்கை உள்ளே வைக்கவில்லை. மூன்று நாட்கள் பதிவேட்டில் "சேமிப்புத் தோல்வி" என்ற ஒரே வரி ஆயிரக்கணக்கில். கடவுச்சொல் மாறியதா, வலையமைப்பா, பூட்டு மோதலா என்று மூன்று இரவுகள் தேடினோம். கடைசியில் வன்தட்டு நிரம்பியிருந்தது. தரவுத்தளம் முதல் நிமிடத்திலேயே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தோம்.

தம்பி, உங்கள் ஒவ்வொரு வகுப்பிலும் காரணத்தை ஏற்கும் ஒரு கட்டமைப்பி (கன்ஸ்ட்ரக்டர்) இருக்கட்டும். ஜாவாவில் 2002ல் வந்த 1.4 பதிப்பிலிருந்தே இதற்கு இடம் இருக்கிறது. பிடித்த மூலத்தை அதற்குக் கொடுத்து, தாய் வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள். சுவட்டில் "இதற்குக் காரணம்" என்று மூலமும் சேர்ந்து அச்சாகும். சி ஷார்ப்பில் இன்னர் எக்செப்ஷன், பைதனில் ரெய்ஸ் என்பதன் பின்னால் ஃப்ரம்.

பைதன் எழுதுவோருக்கும் இரண்டு சொல்கிறேன். பேஸ் எக்செப்ஷனிலிருந்து மரபுரிமை பெறாதீர்கள், எக்செப்ஷனிலிருந்து பெறுங்கள். விசைப்பலகையில் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்துவது போன்றவை பேஸ் எக்செப்ஷனின் நேரடிப் பிள்ளைகள். சாதாரணப் பிழைகளோடு அவை சேர்ந்து பிடிபடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

இரண்டாவது நம் எழுத்தைப் பற்றியது. விண்டோஸ் கணினியில் பைதன் நிரலின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால், பைதன் பதிப்பையும் கணினி அமைப்பையும் பொறுத்து, பழைய மேற்கத்தியக் குறியாக்கத்தில் எழுத முயலக்கூடும். அப்போது விதிவிலக்கைப் பிடித்து அதன் தமிழ்ச் செய்தியை அச்சிடும் வரியே யூனிகோட் என்கோட் எரர் எறிந்து விழும். பிழையைக் காட்டும் இடத்திலேயே புதுப் பிழை. குறியாக்கத்தை யூடிஎஃப் 8 என்று வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள்.

ஒலுவில் மாணவன்
புதன், காலை 7.40

அண்ணா, வகுப்பின் பெயரையே தமிழில் வைக்க முடியுமா? "ஈரநெல்விதிவிலக்கு" என்று எழுதிப் பார்த்தேன், ஜாவா ஏற்றுக்கொண்டது!

அக்கரைப்பற்று இரவுப்பணி
புதன், இரவு 10.30

முடியும், எனக்கும் விருப்பமானது. ஆனால் ஓர் இடத்தில் கவனம் தேவை. "கொள்வனவு" என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைதன் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடும். ஜாவா அப்படிச் செய்யாது, அதற்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். இரண்டு பேர் இரண்டு விசைப்பலகை மென்பொருள்களில் தட்டினால், கண்ணெதிரே இருக்கும் வகுப்பைக் காணவில்லை என்று தொகுப்பி சொல்லும். குழுவாக எழுதுவதென்றால் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வெல்லாவெளி வட்டை
வெள்ளி, இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாட்கள் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். 23 வகுப்புகள் இப்போது நான்கு.

மேலே ஒரு பொது வகுப்பு, ரன்டைம் எக்செப்ஷனின் பிள்ளை. குறியீடும் காரணமும் அதில் இருக்கின்றன. அதன் கீழே மூன்று, ரீச்சர் கேட்ட கேள்வியின்படி பிரித்தவை. "திருத்திப் பதிக": அடையாள அட்டை, மூடை எண்ணிக்கை, வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் இதற்குள் அடங்கிவிட்டன. பிடிப்பவர் படிவத்தைத் திரும்பக் காட்டி, தவறிய இடத்தைச் சிவப்பாக்குவார். "பிறகு முயல்க": இணைப்பு அறுந்தால் வருவது. எங்கள் பக்கம் மழை வந்தால் இணைப்புப் போய்ப் போய் வரும், ஆகவே மூன்று தடவை இடைவெளி விட்டுத் தானே முயலும். "நிறுத்துக": ஈரநெல் இருப்பு வரை வந்துவிடுவது போன்றவை. பதிவை நிறுத்தி எனக்குத் தகவல் அனுப்பும். வாசலில் ஈரப்பதனுக்கு மூன்று நிலை முடிவுதான். காக்கா, ரீச்சர், இருவர் சொன்னதும் நிரலில் இருக்கிறது.

தமிழ் வாக்கியங்களை எல்லாம் தனிக் கோப்புக்கு எடுத்துவிட்டேன். சிங்களக் கோப்பை என் நண்பனின் மனைவி எழுதித் தருகிறார்.

ஒரு கேள்வி மீதி இருக்கிறது. "பிறகு முயல்க" மூன்று தடவை முயலும்போது, முதல் முயற்சியே தரவுத்தளத்தில் பதிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால் மறுபடி மூடை இரட்டிக்காதா?

சம்மாந்துறைக் காக்கா
வெள்ளி, இரவு 9.55

இரட்டிக்கும். இதை நீங்களாகவே கேட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி, தம்பி. விதிவிலக்கு வகுப்பால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. தராசில் நிறை விழுந்தவுடனேயே, அனுப்புவதற்கு முன்பே, அந்த நிறுவைக்கு ஒரு தனி இலக்கம் கொடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் அதே இலக்கத்தோடு போகட்டும். தரவுத்தளத்தில் அந்தப் புலம் தனித்துவமானது என்று கட்டுப்பாடு வையுங்கள். இரண்டாம் தடவை வந்தால் தரவுத்தளமே மறுக்கும். அந்த மறுப்பைப் பிடித்து, ஏற்கெனவே பதிந்த பற்றுச்சீட்டைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் டிரான்ஸாக்ஷனல் முறைக்கு வெளியே நின்று பிடியுங்கள்.

வெள்ளிக்கிழமைப் பதிவின் மேலதிக 42 மூடையைத் திருத்திவிட்டீர்களா?

வெல்லாவெளி வட்டை
வெள்ளி, இரவு 10.05

இன்று காலை களஞ்சியப் பொறுப்பாளரோடு நின்று அடுக்கடுக்காக எண்ணினேன் காக்கா. அந்தப் பெயரில் 42 மூடைதான் இருந்தது. மேலதிகப் பதிவை அழிக்கவில்லை. கழிவுப் பதிவு ஒன்றை எழுதி, காரணத்தையும் குறித்து, இருவரும் ஒப்பமிட்டோம். தனி இலக்கத்தை நாளை சேர்க்கிறேன்.